ஏழுமலை அண்ணன் கடையில் ஒரு வாய் அதிகம்

ஏழுமலை அண்ணன் போய்விட்டார். மாரிகுப்பத்திலிருந்து அவர் மகன் போன் செய்தான். காலையில் எழுப்பப் போனால் உடம்பு சில்லிட்டிருந்ததாம்.

சாயங்காலம் எடுக்கிறார்கள். நான் பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறேன், முட்டி ஆபரேஷன் ஆகி... போக முடியாது. போக முடிந்திருந்தாலும் அந்த வாசலில் எந்த முகத்தோடு நிற்பேன் என்று தெரியவில்லை.

கே.ஜி.எஃப். தங்கச் சுரங்கத்துப் பழைய ஆட்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். எழுபதுகளில், சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்டுக்குப் போகிற வழியில் டீக்கடை வைத்திருந்தவர். மற்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கடைக்கு எதிரே வரிசையாகக் கற்கள் நட்டிருக்கும். சுரங்கத்தில் பாறை வெடித்துச் சரிந்து, உடம்புகூடக் கிடைக்காமல் உள்ளேயே போனவர்களுக்கு அவரவர் வீட்டார் நட்டது. பெயர் கிடையாது, தேதி கிடையாது. அண்ணனின் அப்பாவுக்கும் அங்கே ஒரு கல்.

ஷிஃப்ட் முடிந்து கேஜில், அந்த இரும்புக் கூண்டு லிஃப்டில், மேலே வந்தவன் டீ வாங்கிக்கொண்டு நேரே அங்கே போவான். முதல் வாயைக் கல்லடியில் ஊற்றிவிட்டுத்தான் மிச்சத்தைக் குடிப்பான்.

புத்த விகாரைக்குப் போகிறவன், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவன், சர்ச்சுக்குப் போகிறவன்... அதில் மட்டும் எங்களுக்குள் பேதமே இல்லை.

அதற்காகவே அண்ணன் கிளாஸை விளிம்பு வரைக்கும் நிரப்புவார். கை சுட்டு யாராவது முனகினால், "ஒரு வாய் அவங்களுதுடா. உன் பங்கு ஒண்ணும் கொறையாது, குடி" என்பார்.

நானும் ஊற்றியிருக்கிறேன். சுரங்கத்துக்கு அடியில், லெவலில் பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை எனக்கு. தலைக்கு மேலே பாறை முறுமுறுத்த நாட்களில் இரண்டு வாய் ஊற்றினேன். பயம்தான், வேறென்ன.

அப்புறம் பங்காருபேட்டையிலிருந்து பெரிய ரோடு வருகிறது என்றார்கள். பஸ்ஸும் லாரியும் எதிரெதிரே தாராளமாகப் போகலாம் என்றார்கள். சந்தோஷத்தில் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

ரோடு வேண்டாம் என்று அண்ணன் ஒருநாளும் சொன்னதில்லை. பிரசவ வலியோடு ஜட்கா வண்டியில் குலுங்கிக்கொண்டு போன பெண்களை எல்லாம் கடையிலிருந்து பார்த்தவர் அவர்.

சிக்கல் இதுதான். ரோடு நேரே வந்தால் கற்கள் போகும். கொஞ்சம் வளைந்தால் கற்களைத் தாண்டி இருந்த பழைய பங்களாவின் காம்பவுண்டு மூலை போகும். வெள்ளைக்கார மேனேஜர்கள் இருந்த பங்களா, அப்போது காலியாகத்தான் கிடந்தது.

ரோடு போட வந்த இன்ஜினியர் நல்ல மனுஷன். கன்னடக்காரர், தமிழும் பேசுவார். கடை முன்னால் எங்களை எல்லாம் கூப்பிட்டு வைத்து, "ரெண்டுல ஒண்ணு. நீங்களே சொல்லுங்க" என்றார்.

அண்ணன்தான் முதலில் பேசினார். "வளைச்சுப் போடுங்க சார். ஒரு வளைவு வந்தா பஸ்ஸுக்கு இன்னா, கழுத்தா சுளுக்கிக்கும்?"

எல்லோரும் சிரித்தோம். இன்ஜினியரும் சிரித்தார். அண்ணன் ஜெயித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

அப்போது நாங்கள் குடியிருந்த கம்பெனி லைன் வீடுகளுக்குப் பெரியவராக இருந்தவர் எழுந்தார். "பங்களா சரித்திரம் சார். அந்த மாதிரி சுவரு இன்னைக்கு எவனால கட்ட முடியும்? அதுல கை வெச்சா ஊருக்கே அசிங்கம். இது இன்னா, நாங்க நட்ட கல்லு. தூக்கி ஓரமா வெச்சுக்கறோம்."

இன்ஜினியர் கை தூக்கச் சொன்னார். தூக்கினோம்... அந்த பங்களா கேட்டைத் தாண்டி எங்கள் அப்பன்மார் ஒருத்தரையும் உள்ளே விட்டதில்லை. அவர்கள் பிள்ளைகள்தான் அத்தனை பேரும் கை தூக்கினோம், என் கையும் சேர்த்து.

அண்ணன் யாரையும் திட்டவில்லை. "சரி, கல்லை நகத்த ஞாயித்துக்கிழமை வந்துடுங்கடா. எல்லாரும் கை குடுத்தா சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் ஃபைனல். கே.ஜி.எஃப்.காரனுக்கு ஃபைனல் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. கல் எங்கே ஓடிவிடப் போகிறது என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

இன்ஜினியர் கொடுத்த ஞாயிறு கெடு முடிகிற வரைக்கும் காத்திருந்துவிட்டுத்தான் திங்கட்கிழமை ரோலரைக் கொண்டுவந்தார்கள். நாங்கள் ஷிஃப்ட் முடிந்து மேலே வந்தபோது எதிரே ஒன்றும் இல்லை. உடைத்து, ஜல்லியோடு ஜல்லியாகப் பரப்பியிருந்தார்கள்.

"உங்க அப்பா கல்லையாவது எடுத்து வெச்சீங்களாண்ணா?" என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

"எல்லாரும் ஒண்ணா போனவங்கடா. இவரை மட்டும் எப்படி தனியா தூக்கறது?" டீ ஆற்றிக்கொண்டே சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை.

கூசிப்போய் நின்றேன். இதை எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

ரோடு நல்ல ரோடு. அதையும் சொல்லியாக வேண்டும். என் மூத்த மகள் அவள் அம்மா வயிற்றில் குறுக்கே திரும்பிக் கிடந்தபோது, நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தது அந்த ரோட்டால்தான். அவள் வீட்டில் உட்கார்ந்துதான் இதை டைப் செய்கிறேன்.

பங்களாச் சுவர் இன்னும் நிற்கிறதாம். போஸ்டர் ஒட்ட வசதியாக இருக்கிறது என்கிறார்கள்.

ரோடு வந்த பிறகும் அண்ணன் கிளாஸை விளிம்பு வரைக்கும்தான் நிரப்பினார். பழக்க தோஷம் என்று கிண்டல்கூட செய்தோம். அவர் அடுத்த கிளாஸையும் அதே மாதிரி நிரப்புவார். கடையை மூடுகிற வரைக்கும் மாற்றவில்லை.

ஊற்ற இடம் ஏது... அவர்களுடைய அந்த ஒரு வாயையும் நாங்களே குடித்தோம். வருஷக்கணக்காகக் குடித்தோம்.

போய்ட்டு வாங்கண்ணா. உங்க அப்பா கேட்டா, எங்க பேரை மட்டும் சொல்லாதீங்க.