ஐந்தாம் கிடங்கில் அந்து இல்லை

தானியக் கிடங்கில் எல்லோருக்கும் அவள் பூச்சியக்கா. மேனேஜருக்கும்தான். அவளுடைய நிஜப் பெயர் தற்காலிகப் பணியாளர் பட்டியலில் பத்தொன்பது வருஷமாக இருந்தது. ஒரு மனுஷி பத்தொன்பது வருஷம் எப்படித் தற்காலிகமாக இருக்க முடியும் என்று கேட்கக் கூடாது. அலுவலகம் மனசு வைத்தால் எதுவும் முடியும்.

தானியத்தை அரிக்கும் அந்துப்பூச்சிகளை எண்ணுவது அவள் வேலை. மூட்டை அடுக்குகளுக்கு நடுவே பசை தடவிய அட்டைகளைத் தொங்கவிடுவாள். பெண் அந்தின் வாசனை ஏற்றிய ரப்பர் துண்டு ஒவ்வொன்றின் நடுவிலும் இருக்கும். மாப்பிள்ளைக் கனவோடு பறந்து வரும் ஆண் அந்துகள் பசையில் ஒட்டிக்கொண்டு சாகும். திங்கட்கிழமை அவற்றை எண்ணி, படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவாள். எண்ணிக்கை ஏறினால் கிடங்கை மூடி மருந்துப் புகை போட வேண்டும் என்பது விதி.

படித்தவர்கள் வைத்த பெயர்கள் வாயில் நுழையாததால் அவளே பெயர் வைத்துக்கொண்டாள். வைக்கோல் நிறத்தது குடித்தனக்காரி. கோதுமை மணிக்குள்ளேயே புழுவாகக் குடியிருந்து, உள்ளே இருப்பதையெல்லாம் தின்றுவிட்டு, ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். சாம்பல் நிறத்தது தையற்காரி. நூல் விட்டு மணிகளைக் கட்டி கட்டியாகச் சேர்த்துவிடும். பாதிச் சிறகு வெளுப்பும் பாதி செம்புமாக இருப்பது ரெட்டைச் சட்டை; மாவு, உலர்ந்த பழம் என்று பல் நோகாமல் தின்னும். பொன் நிறத்தில் ஒன்று உண்டு, கூச்சக்காரி. அது தானியத்தின் பக்கம் வராது. இருட்டு அலமாரியில் கம்பளித் துணிதான் அதற்கு வீடும் சோறும்; வெளிச்சம் பட்டால் ஓடி ஒளியும். அவள் கணக்கில் அது சேராது. இருந்தாலும் தெரிந்து வைத்திருந்தாள்.

அந்த வருஷம் ஐந்தாம் கிடங்கில் எண்ணிக்கை எகிறியது.

"என்னக்கா, உங்க பூச்சிங்களுக்கு இந்த வருஷம் பிரசவ சீசனா?" என்றார் மேனேஜர்.

"கிடங்கு பூச்சி சார், என்னோடது இல்ல. ஒரே வாரத்துல எண்பத்தேழு. அத்தனையும் குடித்தனக்காரி. உடனே புகை போடணும்."

"புகை போட்டா ஏன் போட்டேன்னு மேல கேப்பாங்க. போடலைன்னா யாரும் கேக்க மாட்டாங்க. அட்டைய எங்க தொங்கவிடணும்னு விதியில இருக்கு?"

"கிடங்கு வளாகத்துக்குள்ளன்னு இருக்கு சார்."

"என் ரூம் வளாகத்துக்குள்ளதானே இருக்கு?"

ஜோக் என்று நினைத்து அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. "உங்களை நிரந்தரமாக்கற ஆர்டர் என் மேஜையிலதான் கிடக்கு. நல்ல நேரமா பாத்து அனுப்பலாம்னு இருக்கேன்" என்றார்.

வீட்டில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே கேட்ட புருஷன், "அந்து என்ன உன் கூடப் பொறந்ததா? அட்டையில இல்லாததை இல்லைன்னு எழுதறே. இதுல என்னடி பொய்?" என்றான்.

ஏசி ஓடும் மேனேஜர் அறையில், திரைச்சீலைக்குப் பக்கத்தில் அட்டைகள் தொங்கின. முதல் திங்கள் சைபர். அடுத்த திங்களும் சைபர். எட்டு வாரம் எட்டு சைபர், எட்டுக் கையெழுத்து. அந்து இல்லாத கிடங்கு என்று தலைமை அலுவலகம் பாராட்டுப் பத்திரம் அனுப்பியது. மேனேஜர் அதைக் கண்ணாடி போட்டு, அட்டைகளுக்குப் பக்கத்திலேயே மாட்டினார்.

அவளுக்கும் ஒரு ஆர்டர் வந்தது. அந்துகள் அடியோடு ஒழிந்துவிட்டபடியால் அவற்றை எண்ணும் பணி இனித் தேவையில்லை.

பதவி உயர்வில் வேறு ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மேனேஜர், "ரொம்ப நல்லா வேலை செஞ்சிட்டீங்கக்கா. அதான் வினையாப் போச்சு" என்றார்.

இரண்டு மாதம் கழித்து ஐந்தாம் கிடங்கைத் திறந்தார்கள். முதுகுவலிக்கார மேஸ்திரி ஒரு மூட்டையைத் தூக்கினார். பஞ்சு போல வந்தது. வைத்தியம் பலித்துவிட்டது என்று அவர் பூரித்துப் போய் நான்காவது மூட்டையைத் தூக்கும்போதுதான் அது கிழிந்தது. உள்ளே கோதுமை இல்லை. கோதுமையின் தோல் இருந்தது.

விசாரணைக்கு வந்த அதிகாரி, ஏசி குளிருக்குத் தோதாகக் கம்பளிக் கோட்டு போட்டிருந்தார். அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். உண்மையைச் சொன்னால் பழைய வேலையாவது திரும்பக் கிடைக்கும் என்று நம்பித்தான் வந்தாள்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமா சார். ஆனா அட்டை மேனேஜர் ரூம்ல தொங்குச்சு."

"தொங்கவிட்டது யாரு?"

"நான்தான். அவர் சொன்னாரு."

"எழுத்துல சொன்னாரா?"

"வாயால சார்."

"வாயை ஃபைல்ல வைக்க முடியாதும்மா." எழுதினார். அவளுடைய அலட்சியமே இழப்புக்குக் காரணம். இனி எந்தக் கிடங்கிலும் அவளுக்கு வேலை தரக் கூடாது.

அப்போது அவருடைய காலர் மடிப்பிலிருந்து பொன் நிறத்தில் ஒன்று எட்டிப் பார்த்தது. வெளிச்சம் பட்டதும் விறுவிறுவென்று மடிப்புக்குள்ளேயே ஓடிவிட்டது. வெளியே ஒரு கூச்சக்காரி தெரிந்தால் உள்ளே புழுக்கள் பந்தி போட்டு உட்கார்ந்திருக்கின்றன என்று அர்த்தம். பத்தொன்பது வருஷப் பழக்கத்தில் அவள் வாய் தானாகத் திறந்தது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வேற ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணும் இல்ல சார்" என்றாள்.

யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவள் போட்ட முதல் சைபர் அது.