பாட்டிலில் மிஞ்சிய தண்ணீர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் பள்ளிக்கூடத்துச் சுவருக்குக்கூடத் தெரியும். காரைக்குடியில் எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். வருடா வருடம் பிள்ளைகளைத் திருப்பத்தூர் போகிற வழியில், கண்மாய்க் கரையை ஒட்டிய ஒரு மாந்தோப்புக்கு இரண்டு நாள் முகாம் கூட்டிப்போவோம். திரும்பி வந்ததும், அங்கே பார்த்த ஏதாவது ஒன்றை வைத்து ஆளுக்கொரு புராஜெக்ட் செய்து, பெற்றோர் வரும் கண்காட்சியில் வைக்க வேண்டும். என்ன வரும் என்று எனக்குத் தெரியும். ஸ்டேஷனரி கடையில் விற்கிற பறவைப் படங்களை வெட்டி சார்ட்டில் ஒட்டி, ஓரத்தில் பூ வரைந்து கொண்டுவருவார்கள். எங்கள் கண்மாயில் பென்குவின் இறங்கிய வருடமும் உண்டு.

போன வருட முகாமில் முதல் நாள் காலை. எல்லோரும் கூடாரத்துக்கு முளை அடித்துக்கொண்டிருக்க, எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் மரத்தடியில் வரிசையாக நின்ற தண்ணீர் பாட்டில்களுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். எல்லாம் பள்ளியில் கொடுத்த ஒரே அளவு பாட்டில்கள், பேர் ஒட்டியவை. ஒவ்வொன்றிலும் ஸ்கேலை வைத்துப் பார்த்து நோட்டில் எதையோ குறித்தாள். வகுப்பில் கேட்டாலொழிய வாய் திறக்காத பிள்ளை அவள்.

“அடியே, முளை அடிக்காம அங்குட்டு என்னத்த நோண்டிக்கிட்டு இருக்க?”

“அளக்குறேன் டீச்சர். வெயில்ல வேல பாக்குறவுக நெறையக் குடிப்பாகளா, நெழல்ல இருக்கவுகளான்னு பாக்கணும்.”

“இதெல்லாம் ஒரு கேள்வியா? வெயில்ல நிக்கிறவுகதான் குடிப்பாக.”

“அளந்து பாத்துட்டுச் சொல்றேன் டீச்சர்.”

வகுப்பில் நான் தினமும் ஓதுவதை எனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாள். அன்று முழுக்க அவள் அதிகாரம்தான். பானையிலிருந்து பாட்டிலில் மறுபடி தண்ணீர் பிடிப்பவர்கள் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். பையன்கள் சலாம் போட்டுவிட்டுப் பிடித்தார்கள்.

ஒரு வாரம் கழித்து ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். முகம் தொங்கிப்போயிருந்தது.

“டீச்சர், புராஜெக்ட் தப்பா வந்துருச்சு.”

நோட்டை வாங்கிப் பார்த்தேன். வெயிலுக்கும் நிழலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பையன்கள் எங்கே இருந்தாலும் அவர்கள் பாட்டில் காலியாகி, நிரம்பி, மறுபடி காலியாகியிருந்தது. பெண்பிள்ளைகளின் பாட்டிலில் இரண்டு விரற்கடைகூடக் குறையவில்லை. அளந்ததில் பிழை இருக்கும் என்றேன். மூன்று தடவை அளந்தாளாம். பொம்பளைப் பிள்ளைகள் ஓடியாடியிருக்க மாட்டார்கள் என்றேன். கோ-கோ விளையாடியதே அவர்கள்தான் என்றாள். சாப்பாடு? எல்லோருக்கும் ஒரே புளிசாதம். தண்ணீர்? ஒரே பானை. நான் சொன்ன காரணங்களை அவள் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். பெல் அடித்தும் எனக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. அப்படி ஒரு குறுகுறுப்பு.

“அப்ப பிள்ளைகள்ட்டயே கேட்டுப் பாரு.”

“கேட்டுட்டேன் டீச்சர்.” குரலைத் தாழ்த்தினாள். “கக்கூஸ்ல தாப்பா இல்ல.”

தோப்பில் ஒரே ஒரு கழிவறை, பம்ப்செட் ரூமுக்குப் பின்னால். தகரக் கதவில் தாழ்ப்பாள் எப்போதோ துருப்பிடித்து விழுந்துவிட்டது. பையன்களுக்கு மரங்கள் இருந்தன. பெண்பிள்ளைகள் முடிந்தவரை குடிக்காமல் இருந்தார்கள். முடியாதபோது ஒருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொள்ள இன்னொருத்தி போனாள். ஐந்து வருடமாக அந்தத் தோப்புக்குப் போய் வருகிறேன்.

“தப்பா வரல. சரியாத்தான் வந்துருக்கு. இதையே போடு,” என்றேன்.

அவள் முகம் மலரவில்லை. “இதப் போட்டா அடுத்த வருசம் பொம்பளப் பிள்ளைகளக் கூட்டிட்டுப் போவாகளா டீச்சர்? எங்க அப்பாகிட்ட இந்த ஒரு கையெழுத்து வாங்குறதுக்கே நாலு நாளு அழுதேன்.” சொந்தக்காரர் வீட்டைத் தவிர அவள் வெளியே தங்கியது அந்த ஒரு ராத்திரிதான். விடியலில் கூடாரத்துக்குள் படுத்தபடி நாரைச் சத்தம் கேட்டதை வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தலைமையாசிரியரும் அதையே சொன்னார். “பெத்தவுக பாத்தா, எந்த எடத்துக்கு எம்பொண்ணக் கூட்டிட்டுப் போனீகன்னு கேப்பாக. பொம்பளப் பிள்ளைகளுக்கு முகாமே வேணாம்னு ஆயிரும். உள்ள வச்சிருங்க டீச்சர்.” அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

நோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது கடைசிப் பக்கம் கண்ணில் பட்டது. பென்சிலால் ஒரு வரியை அடித்திருந்தாள். ‘டீச்சர்’. என் பாட்டிலில் காலையில் எவ்வளவோ, மதியமும் அவ்வளவு, சாயங்காலமும் அவ்வளவே. எனக்குச் சுருக்கென்றது. அந்த பாட்டிலைக் கையில் ஆட்டிக்கொண்டுதானே அன்று முழுக்க ‘தண்ணி குடிங்க, தண்ணி குடிங்க’ என்று தொண்டை கிழியக் கத்தினேன்! நான் குடிக்கவில்லை என்பதே எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்து, பஸ்ஸில் போனாலும் டிரெய்னிங் போனாலும் அப்படியே பழகிவிட்டேன். வெட்கமாக இருந்தது.

“இத ஏன்டி அடிச்ச?”

“வைவீகன்னு நெனச்சேன் டீச்சர்.”

“சார்ட்ல கடைசி வரியா எழுது. நல்லாப் பெருசா எழுது.”

என் வரியும் அதில் இருப்பதால் சார்ட் வெளியேதான் இருக்கும் என்று தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு சரி என்றார்.

கண்காட்சி அன்று அவள் அப்பா வந்தார். வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். பாட்டில் அளவுகளையும் தாழ்ப்பாள் இல்லாத காரணத்தையும் வரிவரியாக விரலை ஓட்டிப் படித்தார். விரல் கடைசி வரியில் நின்றது.

“இது யாரு?”

“நான்தாங்க.”

என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அவள் ஸ்கேலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பி வாசலைப் பார்க்க நடந்துவிட்டார். தொலைந்தது போ, இவள் முகாமுக்கு நானே வேட்டு வைத்துவிட்டேன் என்று அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வருடம் ஒன்பதாம் வகுப்பிலிருந்து முதலில் வந்த சம்மதக் கடிதம் அவளுடையது. கையெழுத்து இருந்தது. கூடவே பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தால் உள்ளே புதுத் தாழ்ப்பாள் ஒன்றும் நாலு திருகாணியும்.

தோப்பில் இறங்கியதும் வேன் டிரைவர் முதல் வேலையாக அதை மாட்டிக் கொடுத்தார். பிறகுதான் கூடாரம். மதியம் அவள் ஸ்கேலோடு வரிசையாக அளந்துகொண்டு வந்தாள். பெண்பிள்ளைகளின் பாட்டில்கள் பாதியும் முக்காலுமாக இறங்கியிருந்தன. பார்க்கப் பார்க்க எனக்கு ஒரே சந்தோஷம். ‘பாத்தியா!’ என்று அவளிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

அவள் அடுத்த பாட்டிலுக்கு நகர்ந்தாள். என் பாட்டிலுக்கு முன்னால் உட்கார்ந்து ஸ்கேலை வைத்தாள். கழுத்து வரை தண்ணீர் இருந்தது.

“டீச்சர்,” என்றாள் மெதுவாக, “தாப்பா போட்டாச்சு.”

மூடியைத் திறந்து குடித்தேன். வெயிலில் இருந்த தண்ணீர், வெதுவெதுப்பாக இருந்தது. நான் குடித்து முடிக்கும் வரை அவள் ஸ்கேலோடு காத்திருந்தாள்.