பீச்சாங்கைக்கு ஒரு துப்பாக்கி

அந்த வருஷங்களில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஏதாவது ஒரு பெட்டி வந்து இறங்கிக்கொண்டே இருந்தது. மஸ்கட்டிலிருந்து டேப் ரெக்கார்டர், சிங்கப்பூரிலிருந்து மிக்ஸி, துபாயிலிருந்து கலர் டி.வி. ஒரு தலைமுறைக்கு முன் தெருவே திரண்டு போய் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்த ஊர் இது. இப்போது எங்களுக்கும் சொந்தமாகக் கொஞ்சம் நிலம், கொஞ்சம் படிப்பு, வெளிநாட்டில் ஆள். எங்கள் வீட்டுக்கு வந்ததுதான் யாரும் எதிர்பார்க்காதது. துப்பாக்கி! வாங்கியவள் நான், நடுநிலைப் பள்ளி ஆசிரியை. வாங்க வைத்தவள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் மகள்.

கல்லூரி முகாம் ஒன்றில் முதன்முதலாகப் ‘பாயிண்ட் டூ டூ’ என்று சொல்லும் சின்ன ரைபிளைத் தரையில் படுத்துக்கொண்டு சுட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, மாப்பிள்ளை பார்த்துவிட்டுப் போன பெண்கள்கூட அப்படி ஜொலித்து நான் பார்த்ததில்லை. தஞ்சாவூருக்கு வெளியே இருந்த துப்பாக்கி கிளப்பில் சேர்ந்தாள். அங்கேதான் சிக்கல் வந்தது. என் மகளுக்குச் சோறு தவிர எல்லாமே பீச்சாங்கை. எழுத்து, ஊசி நூல், கோபம் வந்தால் கதவைச் சாத்துவது, எல்லாம் இடது.

கிளப்பில் பயிற்சி கொடுத்தவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கறாரான மனிதர், கெட்டவர் இல்லை. அவளிடம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாராம்: “இங்க இருக்கிற துப்பாக்கி எல்லாம் வலது கைக்குச் செஞ்சதும்மா. ஒண்ணு கையை மாத்து. இல்லேன்னா உனக்குத் தோதா சொந்தமா ஒண்ணு கொண்டா. ரெண்டும் இல்லாம மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்கிற தேர்வுல உன்னைப் படுக்க வைக்க மாட்டேன்.”

“மாத்த மாட்டேன் சார்” என்று சொல்லி, எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். இதை என்னிடம் தோசையைப் பிய்த்துக்கொண்டே சாவகாசமாகச் சொன்னாள்.

நானும் பீச்சாங்கைக்காரிதான். ஒன்றாம் வகுப்பில் விரல் முட்டியிலேயே போட்டுப் போட்டு என் எழுத்தை வலது கைக்கு மாற்றினார்கள். இன்றைக்கும் கரும்பலகையில் என் எழுத்து காற்றடித்த பயிராகச் சாய்ந்துதான் நிற்கும். நான் மாற்றிக்கொண்டேன், இவள் எழுந்து வந்துவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கூடவே கொஞ்சம் பொறாமையும் வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? தை அறுப்பை ஒட்டித் தேர்வு. அதற்குள் அவள் கைக்கு ஏற்ற துப்பாக்கி கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் அவள் ஆசைக்கு அதோடு முழுக்கு.

மஸ்கட்டிலிருந்து என் வீட்டுக்காரர் போனில் குதித்தார். “வயசுப் பொண்ணு கையில துப்பாக்கியா? நாலு பேரு மாதிரி கம்ப்யூட்டர் வாங்கிக் குடு.”

“அந்த நாலு பேரும் கம்ப்யூட்டர் கேட்டாங்க. இவ துப்பாக்கி கேக்கறா” என்றேன்.

வெளிநாட்டு போனில் சண்டை போட்டால் ஜெயிப்பது மீட்டர்தான். அவருக்கும் அது தெரியும். “என்னமோ பண்ணுங்க” என்று வைத்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் சம்மதம் இந்த ரூபத்தில்தான் வரும்.

லைசென்ஸ் எழுதப் போன இடத்தில் இருந்தவர், “யார் பேர்லம்மா?” என்றார். “என் பேர்லதான்” என்றேன். அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார், பின்னால் ஆம்பிளை யாராவது வருகிறாரா என்று. யாரும் வரவில்லை. நடையாய் நடந்து வாங்கினேன். அதைப் பற்றி எழுதினால் எனக்கு இப்போதும் ரத்தம் கொதிக்கும், விட்டுவிடுகிறேன்.

துப்பாக்கி என்ற சொல் காதில் விழுந்ததுமே என் தம்பி வந்து ஒட்டிக்கொண்டான். தஞ்சாவூரில் எலக்ட்ரிக் கடை வைத்திருப்பவன். சின்ன வயதில் யாரோடோ முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகில் போய், யாரோ வாத்து சுட்டதைப் பார்த்திருக்கிறான். அதிலிருந்து அவன் வேட்டைக்காரன். “அக்கா, வாங்கறது வாங்கறோம், வேட்டைக்கும் ஆகற மாதிரி, குறிக்கும் ஆகற மாதிரி ஒண்ணா எடுத்துடுவோம்.”

“வேட்டையாடினா இப்ப உள்ள தள்ளிடுவான்டா. நம்ம வயல்ல இருக்கிறது எலி. அதுக்குக் கிட்டி போதும்” என்றேன்.

“ஒரு பேச்சுக்குச் சொன்னேன்” என்றான். ஆனால் திருச்சித் துப்பாக்கிக் கடைக்குப் போகும் பஸ்ஸில் முழுக்க அதே பேச்சுதான்.

கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது பழைய வெளிநாட்டு ரைபிள். கட்டை தேன் நிறத்தில் மினுங்கியது. தம்பி அதைத் தடவியே பாதி தேய்த்துவிட்டான். என் மகள் வாங்கி இடது தோளில் வைத்தாள், உடனே இறக்கினாள். கட்டையின் பின்பகுதியை வலது கைக்காரன் முகத்துக்கென்றே வளைத்துச் செதுக்கியிருந்தார்கள். இவள் கன்னத்தை வைத்தால் கண் குறிக்கு நேரே வரவில்லை.

இரண்டாவது தடித்த குழலோடு, மேலே தொலைநோக்கியும் வைத்தது. “இதுதான் அக்கா! பன்னிக்குச் சரியா இருக்கும்” என்றான் தம்பி.

கடைக்காரர் சிரிக்காமல் சொன்னார்: “பாயிண்ட் டூ டூல பன்னியைச் சுட்டா, அதுக்குக் கோவம்தான் சார் வரும்.”

மகள் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கனம் தாங்குமா என்று பார்க்க நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் குழலின் முனை ஆட ஆரம்பித்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவள் எதையும் பளபளப்பைப் பார்த்து எடைபோடவில்லை. புடவைக் கடையில் பொம்மை மேல் கட்டியிருப்பதைக் காட்டி “அதுவே வேணும்” என்று சொல்லும் ரகம் நான். இவள் யாரிடம் இதைக் கற்றாள் என்று வியந்துகொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

“அது என்ன சார்?” என்று மூலையில் சாய்த்திருந்ததைக் கேட்டாள்.

“அது சர்க்கார் ஆலைச் சரக்கும்மா. சாதா.”

சாதாதான். வளைவு நெளிவு இல்லாத நேர்க்கட்டை, மங்கிய நிறம். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடியபடியே தோளுக்குக் கொண்டுபோய், கன்னத்தைப் பதித்து, மூச்சை விட்டு, பிறகுதான் கண்ணைத் திறந்தாள். அப்படியே அசையாமல் இருந்தாள். கண்ணுக்கு நேராகக் குறி வந்து நின்றிருக்க வேண்டும், உதட்டோரம் சிரிப்பு தெரிந்தது.

ஆனால் இதற்கும் போல்ட் வலது பக்கம்தான். போல்ட் என்பது வேறொன்றுமில்லை, நம் கதவுத் தாழ்ப்பாள் மாதிரி. தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்கினால் அடுத்த தோட்டா உள்ளே போகும். ஒவ்வொரு முறை சுடும்போதும் அப்படிச் செய்ய வேண்டும். இடது கையால் விசையைப் பிடிப்பவள் அந்தக் கையைத் துப்பாக்கிக்கு மேலாக அந்தப் பக்கம் கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும். செய்து பார்த்தாள். கை தடுமாறியது, மறுபடி செய்தாள். மறுபடியும்.

கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. “எதுக்கும்மா இந்தக் கஷ்டம், வலது கைக்கு மாத்திக்கோயேன். எத்தனையோ பேர் மாத்திருக்காங்க.”

“எனக்கு இடது கண்ணுதான் சார் குறி பார்க்குது. கண்ணு மாறாது. தாழ்ப்பாள் அந்தப் பக்கம் இருந்தா கை பழகிக்கும்” என்றாள்.

எது பழகும், எது பழகாது என்று பிரித்துச் சொல்லிவிட்டாள், அவ்வளவுதான். எத்தனை வருஷமாகப் பாடம் நடத்துகிறேன், எனக்கு இப்படிப் பளிச்சென்று ஒன்றைச் சொல்ல வந்ததில்லை. தம்பிகூட அந்தத் தேன் நிறக் கட்டையை விட்டுக் கையை எடுத்துவிட்டான். சாதாவையே வாங்கினோம்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பூசை முடிந்து நேராகக் கிளப்புக்குப் போனோம். பயிற்சியாளர் அவள் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கட்டை சரி. ஆனா கையை மாத்தினாத்தான் நல்லது” என்றார். ஆனாலும் சொன்ன சொல்லை மீறாமல் படுக்க அனுமதித்தார். எங்களுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் தோட்டா கொடுத்தார். நம் வேட்டைக்காரத் தம்பி சுட்டான், குறி அட்டை மட்டுமல்ல, அட்டை மாட்டியிருந்த பலகையும் பத்திரமாக இருந்தது. “காத்து” என்றான். அன்றைக்கு ஓர் இலைகூட அசையவில்லை. நான் படுத்தபோது என்னை அறியாமலே கட்டை இடது தோளுக்குப் போனது. அட்டையின் ஓரத்தில் ஓர் ஓட்டை விழுந்தது. “டீச்சர், நீங்களுமா?” என்று தலையில் கைவைத்தார் அவர். எனக்கு அன்று பூராவும் தரையில் கால் பாவவில்லை.

தேர்வு நாளன்று வரிசையாகப் படுக்க வைத்தார்கள். வலது கைக்காரர்கள் எல்லோருக்கும் உடம்பும் காலும் இடப்பக்கமாகச் சாயும். நடுவில் இவள் ஒருத்திக்கு மட்டும் வலப்பக்கம். பக்கத்துப் பையனின் காலும் இவள் காலும் பின்னிக்கொண்டன. அவன் முனகினான், வரிசை கலைந்தது.

பயிற்சியாளர் எரிச்சலோடு வந்தார். “இதுக்குத்தான் தலைதலையா அடிச்சுக்கிட்டேன். எழுந்திரும்மா.”

பார்வையாளர்கள் அங்கிருந்து பேசக்கூடாது என்று விதி. என் வாய்க்கு அந்த விதி தெரியவில்லை.

“சார், நான் அருவா பிடிச்சு அறுத்தவ. பீச்சாங்கையாலதான் அறுப்பேன். பக்கத்துல நிக்கிறவ மேல பட்டுடும்னு என்னை வரப்போரமா விட்டாங்க. ஒரு நாளும் கையை மாத்துன்னு சொன்னதில்ல. இவளையும் அந்தக் கோடியில விட்டுப் பாருங்க!”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி என் முந்தானையைப் பிடித்து இழுத்தான். மகள் மட்டும் திரும்பவில்லை, துப்பாக்கியின் மேல் முகத்தை வைத்தபடியே கிடந்தாள். அவர் என்னையே பார்த்தார், பிறகு வரிசையைப் பார்த்தார். “வலது கோடிக்குப் போம்மா” என்றார்.

போய்ப் படுத்தாள், அங்கே அவள் கால் யார் மேலும் படவில்லை. சுட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு முறையும் அவள் கை மேலே ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்கி, திரும்ப வந்தது. ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. மற்றவர்கள் முடித்து எழுந்துவிட்டார்கள். அவள் மட்டும் சுட்டுக்கொண்டிருந்தாள். எல்லோரும் காத்திருந்தோம்.

அவர் அட்டைகளைக் கழற்றி வந்து மேஜையில் பரப்பினார். ஒன்றை மட்டும் வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஓட்டைகள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு நடுவிலேயே கிடந்தன.

என் மகளைக் கூப்பிட்டார். “மாநிலப் போட்டிக்குப் போறே” என்று அட்டையை நீட்டினார். பெரியவர் கொடுக்கும்போது நம் வீட்டுப் பிள்ளை எப்படி வாங்குமோ, அப்படி அவளும் பதவிசாக வலது கையை நீட்டினாள்.

அவர் அட்டையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“அந்தக் கை இல்லம்மா. சுட்ட கையால வாங்கு.”