எட்டுச் செலவுக்கு வைத்த காலைச் சாப்பாடு

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. தொண்ணூறுகளின் நடுவில், பலேர்மோவில், சீசாப் பக்கம் மூன்றாம் மாடி வீடொன்றில் இருந்தோம். என் கணவருக்கு மொண்டெல்லோவில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் சமையல் வேலை. வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சு நோகிறதென்று உட்கார்ந்தவர் பிறகு எழும்பவில்லை.

எட்டாம் நாள் எட்டுச் செலவு என்கிற படையல் செய்ய வேண்டும். செத்தவர் விரும்பிச் சாப்பிட்டதைச் சமைத்துப் படத்துக்கு முன்னால் படைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே இருப்பது எங்கள் வழக்கம். அவர் வந்து சாப்பிடுவார் என்று சொல்லிக்கொள்வோம். மகள் அதை அப்படியே நம்பிவிட்டாள்.

மச்சாள், அதாவது அவருடைய அக்கா, விடியவே வந்து மீனும் ஆட்டிறைச்சியும் கறி வைத்தார். மகள் சட்டி சட்டியாக மூடியைத் திறந்து பார்த்தாள்.

"மாமி, அப்பாவுக்கு இது விருப்பமில்லை."

"பின்னை என்னடி விருப்பம் உன்ரை கொப்பருக்கு?"

"பிஸ்தெக்காவும் முட்டையும். சால்சாவோடை. ஞாயிற்றுக்கிழமை காலமை செய்யிறவர். எனக்கும் தாறவர்."

பிஸ்தெக்கா என்றால் கனமாக வெட்டிய மாட்டிறைச்சித் துண்டு. எங்கள் வீட்டு அடுப்பில் மாடு ஏறியதில்லை என்பதில் எனக்கிருந்த பெருமை கொஞ்சமல்ல. சனிக்கிழமை சிஞ்ஞோரா என்று நான் கூப்பிடும் இத்தாலியக்கார அம்மாவின் வீட்டு வேலைக்குப் போனால் நான் ஞாயிறு பின்னேரம்தான் திரும்புவேன். வரும்போது வீடு முழுக்கச் சாம்பிராணி மணக்கும். இத்தாலிக்கு வந்தும் மனிசனுக்கு எவ்வளவு பக்தி என்று இதே மச்சாளிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பேன். அந்தச் சாம்பிராணி எதற்கென்று அன்றைக்குத்தான் விளங்கியது.

கோபம் வந்தது. யாரோடு சண்டை பிடிப்பது? அது நான் அவருக்கு வைக்கிற கடைசிச் சாப்பாடு. எனக்குப் பிடித்ததை வைத்துவிட்டு அவருக்குப் பிடித்ததென்று சொல்ல மனம் வரவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினேன்.

இறைச்சிக்கடைக்காரன் அவளைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் கத்தியை எடுத்தான். பெரிய துண்டு ஒன்று, சின்னத் துண்டு ஒன்று. வழக்கமாக வெட்டுகிறதாம். தெருவுக்கே தெரிந்திருக்கிறது.

பொதியைப் பார்த்ததும் மச்சாளின் முகம் கறுத்தது.

"உனக்கென்ன விசரே? சைவ சமயக்காரற்றை படையலிலை மாடோ? ஊரிலை கேட்டால் என்ன சொல்லுவினம்?"

"ஊரிலை இருந்து ஆர் மச்சாள் மணந்து பாக்கப்போகினம்? வாறது உங்கடை தம்பி. சாப்பிடப்போறதும் அவர்."

மச்சாள் பல்கனிக்குப் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மகள் கதிரையில் ஏறி நின்று சொல்லச் சொல்ல நான் செய்தேன். தக்காளி, வெங்காயம், பச்சைமிளகாய் எல்லாம் பொடியாக அரிந்து, உப்புப் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்தால் சால்சா. இரும்புத் தாச்சி புகையும்வரை காய வேண்டும்.

"திருப்பித் திருப்பிப் பிரட்டாதேங்கோ அம்மா. அப்பா ஒருக்காத்தான் பிரட்டுவார்."

இறைச்சி பொரியும் மணத்துக்குச் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். அந்தக் கொழுப்பிலேயே முட்டைகளை உடைத்து ஊற்றச் சொன்னாள். மஞ்சள் கரு இறுகக் கூடாதாம். காலமைச் சாப்பாட்டைப் பின்னேரம் வைக்கிறோமே, அப்பா சிரிப்பாரே என்றும் கவலைப்பட்டாள்.

மீனுக்கும் ஆட்டிறைச்சிக்கும் நடுவில் அதையும் படைத்து, விளக்கை ஏற்றி, கதவைச் சாத்திவிட்டு மூன்று பேரும் மாடிப்படியில் இருந்தோம். மகள் என் காதுக்குள் வந்தாள்.

"அம்மா, அப்பாவை ஏசாதேங்கோ. நான்தான் கேட்டனான், எனக்கும் தாங்கோ எண்டு. உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டு அவர் சொன்னவர்."

"ஏசமாட்டன்."

"இப்ப வந்தாலும்?"

"ஓம். இப்ப வந்தாலும்."

மச்சாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மகளுக்கு அதொன்றும் கண்ணில் படவில்லை. எழும்பிப் போய்ச் சாத்தின கதவின் இடுக்கில் வாயை வைத்து, மெல்லமாக, "அப்பா, அம்மா ஏசமாட்டாவாம், வடிவாச் சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்து என் மடியில் இருந்தாள்.