பச்சை உரித்த வீடு

சமாதான ஒப்பந்தம் வந்ததற்கு அடுத்த வருடம் கண்ணகைக்கு அவளுடைய வீடு திரும்பக் கிடைத்தது. செங்கலடிச் சந்தியிலிருந்து வாவிப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், தகப்பன் சீதனமாகக் கட்டிக் கொடுத்த கல்வீடு. வருடக்கணக்காக அது இராணுவ முகாமாக இருந்தது. தன் வளவுத் தேங்காயைப் பறிக்க அனுமதி கேட்டு ஒருநாள் காலையில் அந்த முகாமுக்குப் போன அவளுடைய புருஷன் நல்லரத்தினம் திரும்பி வரவில்லை. போய்க் கேட்டபோது, அப்படி ஒருவர் வரவேயில்லை என்று காவலில் நின்றவன் சொன்னான். அவள் அப்போது பிள்ளைத்தாய்ச்சி. அந்தப் பிள்ளை டிலக்சிக்கு இப்போது இரண்டு வயது.

வீட்டுக்குள் நுழைந்தவள் கண்ணில் முதலில் பட்டது பச்சை நிறம்தான். நெஞ்சு உயரத்துக்குச் சுவரெல்லாம் தடித்த பச்சை எண்ணெய்ப் பெயின்ட். கதவு, நிலை, யன்னல் கம்பி, எல்லாவற்றிலும் அதே பச்சை. படுக்கையறைச் சுவரில் கை வைத்தாள், வழுவழுவென்று குளிர்ந்தது. கையை எடுத்துச் சேலையில் துடைத்தாள்.

திருத்த வேலையைக் கொந்தராத்துக்கு எடுத்தவர் ஏறாவூர் ஹலீம். தொண்ணூறில் இரண்டு பக்கமும் நடந்த கொலைகளுக்குப் பிறகு தமிழர் ஊருக்கு முஸ்லிம்களும் முஸ்லிம்கள் ஊருக்குத் தமிழரும் வேலைக்குப் போவது குறைந்திருந்தது. சமாதானத்தை நம்பி மறுபடி சைக்கிள் மிதித்து வந்தவர்களில் அவரும் ஒருவர். சுவரை விரலால் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இது நல்லாப் புடிச்ச பெயின்ட் தங்கச்சி. சுரண்டத் தேவல்ல. மேலால ரெண்டு தரம் வெள்ள அடிச்சாப் பச்ச தெரியா."

"தெரியாட்டியும் உள்ளுக்க இரிக்கும்தானே நானா."

"உள்ளுக்க இருந்து என்ன செய்யப்போகுது?"

"எனக்கு அது இருக்கப்படா. கல்லுத் தெரியுமட்டும் சுரண்டுங்க."

ஹலீம் அவளைப் பார்த்தார். நல்லரத்தினத்தின் கதை அவருக்கும் தெரியும். தலையாட்டினார்.

அவரும் அவருடைய ஆட்கள் இரண்டு பேரும் இரும்புத் தகட்டால் சுரண்டினார்கள். தகட்டுக்கு மசியாத இடத்தை அரத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். கதவுப் பெயின்டை ஊதுவிளக்கால் சுட்டு உரித்தார்கள். வீடு முழுக்கப் புகையும் தூசும். வாயைச் சுற்றித் துவாய் கட்டியிருந்த ஹலீம் அது மூச்சு முட்டுகிறதென்று அவிழ்த்துப் போட்டார். கண்ணகையும் பிள்ளையும் பின்னால் அடுப்படிக் குசினியில் இருந்தார்கள். பின்னேரமானால் அவள் உள்ளே போய்க் கூட்டுவாள். பச்சைச் செதில்கள் நெல்லுப் பதர் போலக் குவியும். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு மனசு ஆறியது. டிலக்சி அந்தக் குவியலுக்குள் இருந்து அள்ளி விளையாடியது. வாயோரம் பச்சையாக இருந்ததை ஒருநாள் கண்டு சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். மண் தின்கிற வயசுதானே என்று நினைத்தாள்.

வீடு வெள்ளையாகிக் கொஞ்ச நாளில் பிள்ளை சோறு வேண்டாமென்றது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதது. பூச்சி என்று மருந்து கொடுத்தார்கள். வெளிறிப் போனதால் இரத்தம் காணாது என்று சத்துத் தண்ணி கொடுத்தார்கள். பிறகு ஒருநாள் முற்றத்தில் நின்ற பிள்ளை விழுந்து, வலிப்பு வந்து வெட்டி வெட்டி இழுத்தது.

மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில் அப்போது வெளிநாட்டு டாக்குத்தர் ஒருத்தி இருந்தாள். அவள் கேட்டதைத் தாதி தமிழில் சொன்னாள்.

"வீட்டில கிட்டடியில பெயின்ட் வேல நடந்ததா எண்டு கேக்கிறா."

அதை ஏன் கேட்கிறாள் என்று கண்ணகைக்கு விளங்கவில்லை. நடந்தது என்றாள். பிள்ளையின் இரத்தம் கொழும்புக்குப் போய், பதில் வர நாளெடுத்தது. பழைய பெயின்டில் ஈயம் கிடந்திருக்கிறது, சுரண்டிய தூசு பிள்ளையின் வயிற்றுக்குள் போய் மூளைவரை ஏறிவிட்டது என்றாள் தாதி.

"சுரண்டாம விட்டிருந்தா?" என்று கண்ணகை கேட்டாள்.

தாதி கேட்டுச் சொன்னாள். "உரியாம இருந்திருந்தா இவ்வளவுக்கு வந்திராதாம்."

மருந்து கொழும்பிலிருந்து வந்தது. உயிர் தப்பியது. ஆனால் முன்பு ஓயாமல் கதைத்த பிள்ளைக்குச் சொல் எதுவும் மிஞ்சவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும், அவ்வளவுதான்.

கதை ஊருக்குள் வேறு மாதிரிப் போனது. கண்ணகையின் அக்கா சின்னத்தங்கம் சந்தையில் வைத்துச் சொல்லிவிட்டாள், பெயின்டில் அந்தச் சோனகன் ஹலீம் நஞ்சு கலந்துபோட்டான் என்று. கண்ணகை ஓடிப்போய்ச் சண்டை பிடித்தாள்.

"அந்தாள் வேணாமெண்டுதான் சொன்னது. நான்தான் சுரண்டச் சொன்ன. ஆமிக்காரன் பூசின பெயின்ட்."

"உனக்கு ஏறாவூராக்களுக்குப் பயம். அதான் மூடி மறைக்காய்" என்றாள் சின்னத்தங்கம். பக்கத்தில் மீன் வாங்கிக்கொண்டு நின்றவர்களும் அதை நம்பத்தான் விரும்பினார்கள்.

அந்தக் கிழமையே வந்தாறுமூலைப் பக்கம் வேலை முடித்து வந்த ஹலீமைச் சந்தியில் மறித்து அடித்தார்கள். சைக்கிளை மிதித்து நெளித்தார்கள். பார்த்தவர்கள் பலர் இருந்தார்கள்.

கண்ணகை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறாவூருக்குப் போனாள். ஹலீமின் மனைவி றமீஸா கதவைத் திறந்தாள். பிள்ளையைப் பார்த்தாள். வழிவிட்டு நின்றாள்.

ஹலீம் சாய்மனைக் கதிரையில் இருந்தார். முகத்துக் காயம் ஆறியிருந்தது. வலது கை மணிக்கட்டோடு தொங்கிக் கிடந்தது.

"கையையும் அடிச்சவங்களா நானா?"

"இல்ல. இது அதுக்கு முன்னமே தொடங்கினது. வகுத்து வலியும் இரிக்கி. பெயின்ட் பிரசு புடிக்க ஏலா."

கண்ணகை தாதி சொன்னதையெல்லாம் சொன்னாள். "நீங்களும் போய் ரெத்தம் குடுத்துப் பாருங்க. உங்கட ஆக்கள் ரெண்டு பேரையும் கூட்டிப் போங்க. மருந்து இரிக்காம்."

"உங்கட ஊருகளத் தாண்டித்தானே புள்ள பெரியாஸ்பத்திரி."

"நான் கூட வாறன்."

றமீஸா அப்போதுதான் பேசினாள். "நீங்க கூட வந்து என்ன? மறிக்கிறவன் உங்களக் கேட்டா மறிப்பான்? இவர் வேணாமெண்டு சொன்ன வேலய நீங்கதானே செய்ய வெச்ச."

"ஓம். நான்தான்" என்றாள் கண்ணகை.

ஹலீம் மனைவியைக் கையமர்த்தப் பார்த்தார். கை எழும்பவில்லை. இடது கையால் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "புள்ளைக்கு ஏதும் குடிக்கக் குடுங்க" என்றார். றமீஸா பால் கொண்டு வந்தாள். பிள்ளை குடிக்கவில்லை.

ஹலீம் பெரியாஸ்பத்திரிக்குப் போகவேயில்லை. மகன் வைத்த தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்திருக்கிறார் என்று பிறகு யாரோ சொன்னார்கள். அந்தத் தூசு இன்னும் உள்ளே கிடக்குமென்று கண்ணகை வீட்டைப் பூட்டிவிட்டு, வாவிக்கரையில் ஓலைக்குடில் ஒன்று போட்டுக்கொண்டு பிள்ளையோடு இருந்தாள். சின்னத்தங்கத்தோடு பேச்சில்லை. கல்வீடு இருக்கக் குடிலில் கிடக்கிறாள், புருஷன் போன துக்கத்தில் மூளை தட்டிப்போய்விட்டது என்று ஊர் சொன்னது. அவள் அதற்கு மறுத்து ஒன்றும் சொல்லப் போகவில்லை.