நரம்புக்கு மேலே ஒரு திருகு

தெரிந்துகொள்வது மனிதனைப் பயத்திலிருந்து விடுவிக்குமா, அல்லது அதுவரை திக்கில்லாமல் திரிந்த பயத்துக்கு உட்கார ஓர் இடம் காட்டிக்கொடுக்குமா? அய்யப்பனின் கீழ்த்தாடை இந்தக் கேள்வியைக் கேட்டபோது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது.

சின்னசேலத்தில் ஒரு கமிஷன் மண்டிக்கு மக்காச்சோளம் வாங்கித் தருவது அவர் வேலை. கள்ளக்குறிச்சியைச் சுற்றியுள்ள களங்களிலும் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள ஊர்களிலும் குவியலைப் பார்த்து விலை பேசிவிட்டு வருவார். பெரிய கெட்டிக்காரர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. பலமுறை ஈரச் சோளத்தைக் காய்ந்தது என்று வாங்கி மண்டிக்காரரிடம் திட்டு வாங்கியிருக்கிறார். ஆனால் கோபப்பட மாட்டார், சொன்ன தேதியில் வண்டியை அனுப்புவார். அதனால் ஆட்கள் அவரை விடவில்லை.

ஒரு நாள் சோளத்தோடு கிடந்த கல்லைக் கடித்ததில் கீழ் வலது கடைவாய்ப் பல் பிளந்தது. அதைப் பிடுங்கிய பிறகு மனைவி அம்சவள்ளிதான் கள்ளக்குறிச்சியில் புதிதாக வந்திருந்த பல் மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். அங்கே தாடை எலும்பில் திருகு இறக்கி அதன்மேல் பல் கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார்.

அய்யப்பனை நிற்கவைத்து, ஓர் இயந்திரம் அவர் தலையை ஒருமுறை சுற்றி வந்தது. வலியில்லை. பிறகு டாக்டர் மெர்லின் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினார். அதில் ஒரு மண்டையோடு மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. கண்ணிருக்க வேண்டிய இடத்தில் குழி, மூக்கிருக்க வேண்டிய இடத்தில் பொத்தல், வரிசையாகப் பற்கள், வலது பக்கம் ஒரு சந்து. அது தன்னுடையது என்று புரிய அவருக்குச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் நாக்கு தானாக அந்தச் சந்துக்குப் போனது. செத்த பிறகு எவனோ பார்க்க வேண்டியதை உயிரோடிருக்கும்போதே உட்கார்ந்து பார்க்கிறோமே என்று தோன்றியது.

டாக்டர் தாடைக்குள் ஓடிய ஓர் ஆரஞ்சுக் கோட்டைத் தொட்டுக் காட்டினார். “இதுதான் ஐயா நரம்பு. கீழ் உதடு, மோவாய் ரெண்டுக்கும் உணர்ச்சி இது வழியாத்தான் போகுது. திருகு இதுக்கு மேலயே நின்னுடணும்.”

“அதுமேல பட்டா?”

“உதடு மரத்துப் போகலாம். சிலருக்குத் திரும்ப வரும், சிலருக்கு வராது. ஆனா படாது. எங்க, எவ்ளோ ஆழம்னு கம்ப்யூட்டர்லயே முடிவு பண்ணி, உங்க வாய்க்குன்னே ஒரு அச்சு செஞ்சிடுவோம். பல்லு மேல அத மாட்டி, அதுல இருக்கற ஓட்டை வழியாத்தான் துளை போடுவேன். என் கை நடுங்கினாலும் அது விடாது.”

அய்யப்பனின் காதில் விழுந்தது கை நடுங்கும் என்பது மட்டும்தான்.

மரத்த உதடு அவருக்குப் புதிதல்ல. அண்ணன் ஆதிமூலத்துக்கு இளம் வயதில், திருக்கோவிலூர்ப் பக்கம் யாரோ ஒருவர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப்போய், கீழ் உதட்டில் பாதி செத்துப்போனது. அதன் பிறகு டீ வழிந்தால் அவருக்குத் தெரியாது. சோற்றுப் பருக்கை உதட்டில் ஒட்டிக்கொண்டு பேச்சோடு சேர்ந்து ஆடும், அதுவும் தெரியாது. ஒரு கல்யாணப் பந்தியில் ரசம் மோவாயில் வழிந்து சட்டைக்குள் இறங்க, அவர் பாட்டுக்குப் பக்கத்து இலைக்காரரிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எதிர்வரிசை சிரித்தது. சிரித்தவர்களில் அய்யப்பனும் இருந்தார். ஆதிமூலம் நிமிர்ந்து தம்பியின் முகத்தைப் பார்த்துத்தான் தன் மோவாயைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் சாகும்வரை எந்தப் பந்தியிலும் உட்காரவில்லை.

“இருக்கறதுலயே குட்டையானதா பாத்துப் போடுங்கம்மா,” என்றார் அய்யப்பன்.

டாக்டர் சிரித்தார். “குட்டையே போதும் ஐயா, உங்க எலும்பு நல்லா இருக்கு. நரம்புக்கும் அதுக்கும் நடுவுல தாராளமா இடம் இருக்கு.”

திருகு எந்தச் சிக்கலும் இல்லாமல் இறங்கியது. பிறகு எடுத்த படத்தைக் கணினியில் போட்ட திட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தபோது இரண்டும் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. ஈறுக்கு மேல் சின்னதாக ஒரு மூடி மட்டும் தெரிந்தது. எலும்பு திருகைப் பிடிக்க மூன்று மாதமாகும், அதுவரை அந்தப் பக்கம் எதையும் கடிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அய்யப்பன் தலையாட்டினார். அவருக்குக் கவலை உதட்டில்தான் இருந்தது. மரப்பு மருந்து இறங்கிக் கீழ் உதடு பழையபடி சுருக்கென்றபோது கோயிலுக்குப் போய்விட்டு வந்தார்.

மலையில் சோளம் வாங்குவதற்கு ஒரு முறை உண்டு. குவியலுக்கு உரியவர் நடுவிலிருந்து ஒரு மணியைப் பொறுக்கி, வாங்க வந்தவர் உள்ளங்கையில் வைப்பார். வந்தவர் அதைக் கடிக்க வேண்டும். கடிக்கிற சத்தத்தை இரண்டு பேரும் கேட்ட பிறகுதான் விலை. கடிக்காமல் விலை சொல்வது, உன் சோளம் வாயில் வைக்கக்கூட லாயக்கில்லை என்று சொல்வதற்குச் சமம். ஈரம் பார்க்கும் மிஷின் இப்போது எல்லோரிடமும் இருக்கிறது. அய்யப்பன் பையிலும் ஒன்று இருந்தது. அந்த வருடம் வாயை மூடிக்கொண்டு அதை வைத்தே ஒப்பேற்றிவிடலாம் என்று நினைத்துத்தான் மலையேறினார்.

குஞ்சம்மாள் தன் சோளக் குவியலுக்குப் பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நின்று, அவர் மிஷினை எடுப்பதைப் பார்த்தார்.

“இன்னாங்க அது? காய்ச்சல் பாக்கறீங்களா என் சோளத்துக்கு?”

“ஈரம் பாக்கறதும்மா. நம்பரே காட்டிடும்.”

“போன வருசம் ஒருத்தன் எடுத்துக்கினு வந்தான். அவன் கையில இருந்தா ஈரம் ஜாஸ்தி, நான் வாங்கிப் பாத்தா கம்மி. அதுக்கும் ஆளுக்கேத்த வாயி போல.” சொல்லிக்கொண்டே குனிந்து ஒரு மணியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். “உங்க வாயி பொய் சொல்லாது. கடிங்க.”

இடது பக்கம் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் அய்யப்பன் வாயைத் திறந்தார். ஆனால் முப்பது வருடமாக நாக்கு சோளத்தைத் தள்ளிய பக்கம் ஒன்றுதான். அவர் நினைத்து முடிப்பதற்குள் மணி வலது பக்கம் போய்விட்டது. பல்லில்லாத இடத்தில் விழுந்து, மூடியின்மேல் உட்கார்ந்து, மேல்பல் இறங்கியதும் ‘டக்’கென்றது.

“எப்படி காஞ்சிருக்கு பாருங்க!” என்றார் குஞ்சம்மாள்.

வலிக்கவில்லை. மழைக்குப் பிறகு வேலிக் கம்பைப் பிடித்தால் மண்ணுக்குள் லேசாக அசையுமே, அப்படி எங்கோ உள்ளே ஒன்று அசைந்ததுபோல் இருந்தது. அவர் விலையைச் சொன்னார். அதிகமாகச் சொல்லிவிட்டார் என்பது பஸ்ஸில் இறங்கும்போதுதான் உறைத்தது.

அன்றிலிருந்து அவருக்கு உதடுதான் வேலை. எழுந்ததும் கண்ணாடி முன்னால் நின்று, துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்கால் கீழ் உதட்டைத் தொடுவார். முதலில் இடது, பிறகு வலது. வலது பக்கம் கொஞ்சம் மந்தமாக இருப்பதுபோல் தோன்றும். மறுபடி தொடுவார். தொட்டுத் தொட்டு இரண்டு பக்கமும் மந்தமாகிவிடும். அசைந்த திருகு கீழே இறங்கும், இறங்கினால் ஆரஞ்சுக் கோட்டில் போய் நிற்கும் என்று அவராகவே ஒரு கணக்குப் போட்டிருந்தார். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், திருகு அப்படி இறங்காது என்று தெரிந்திருக்கும். கேட்க வேண்டுமானால் கடித்ததைச் சொல்ல வேண்டும்.

“ஏங்க, எந்நேரமும் கண்ணாடியும் கையுமா இருக்கீங்க,” என்றார் அம்சவள்ளி. “மறுபடியும் பொண்ணு பாக்கப் போறீங்களா? சொன்னா நானும் பொடவ கட்டிக்கினு வரேன்.”

அவர் சிரிக்கவில்லை. டீயை ஆறவைத்துக் குடித்தார். ஒவ்வொரு வாய்க்கும் மோவாயைத் துடைத்துக்கொண்டார், வழியாமலே.

பல் கட்டும் நாளில் டாக்டர் மூடியைக் கழற்றி, பேனா போன்ற ஒரு கருவியைத் திருகின் பக்கத்தில் பிடித்தார். அது கீச்சிட்டு, திருகின் பிடிமானத்தை ஓர் எண்ணாகக் காட்டியது. திரும்பவும் பிடித்தார். பிறகு எக்ஸ்ரே எடுத்தார். திருகைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று இருந்தது.

“எலும்பு பிடிக்கல ஐயா. ஏதாவது கெட்டியா கடிச்சீங்களா?”

அய்யப்பன் வாய் திறப்பதற்குள் அம்சவள்ளி முந்திக்கொண்டார். “கடிக்கறதா? நல்லா கேட்டீங்க. கஞ்சியும் கொழஞ்ச சோறும்தான். நான் கூடவே இருந்து பாத்துக்கினு இருந்தேன்மா. முறுக்கு கேட்டாரு, கையில அடிச்சி புடுங்கினேன்.”

“அப்படியா ஐயா?”

“ஆமாம்மா,” என்றார் அய்யப்பன்.

டாக்டர் அவருக்காக வருந்தினார். திருகு டாக்டரின் விரலிலேயே சுழன்று வந்துவிட்டது. இடம் சரி, கோணம் சரி, ஆழம் சரி, அப்படியானால் எலும்பிலேயே பிடிமானம் குறைவு என்று அவர் முடிவுக்கு வந்தார். கையிலிருந்த தகவலுக்கு அது சரியான முடிவுதான். இயந்திரம் எலும்பின் ஒவ்வொரு மயிரிழையையும் பார்த்திருந்தது. சோளமணியைப் பார்க்கவில்லை.

குழி ஆறிய பிறகு மறுபடி ஸ்கேன். அன்று அய்யப்பன் தனியாகத்தான் வந்தார். அம்சவள்ளிக்குக் கரும்பு வெட்டு ஆட்களைப் பார்க்க வேண்டியிருந்தது. திரையில் அதே மண்டையோடு சுழன்றது. டாக்டர் அதன் தாடையில் நீளமான திருகு ஒன்றை இறக்கினார். அதன் முனை ஆரஞ்சுக் கோட்டை நெருங்க நெருங்க, திருகின் நிறம் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறியது. கொஞ்சம் மேலே இழுத்ததும் பச்சையானது.

“பாதுகாப்பான தூரத்துலதான் நிறுத்தறேன். ஆனா போன தடவ மாதிரி தாராளமா இல்ல,” என்றார். “பிடிமானம் வேணும்னா இவ்ளோ ஆழம் போகணும். இல்லன்னா திருகே வேணாம், பக்கத்துப் பல்ல ராவி பாலம் மாதிரி கட்டிடலாம். அதுல நரம்பு பயமே கெடையாது.”

அய்யப்பனின் கை அவரை அறியாமல் உதட்டுக்குப் போனது.

டாக்டர் அதைக் கவனித்தார். நாற்காலியை அவர் பக்கம் இழுத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். “ஐயா, ஒன்னு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. தெரியாமக்கூட எதையாவது கடிச்சீங்களா? அப்படின்னா எலும்பு மேல தப்பே இல்ல. பழைய குட்டைத் திருகே போதும், நரம்பு பக்கத்துலயே போக வேணாம். நான் திட்ட மாட்டேன். அம்மாகிட்டயும் சொல்ல மாட்டேன்.”

அறையில் வேறு யாரும் இல்லை. ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை வாய்வரை வந்திருந்தது என்பதில் சந்தேகமில்லை, உதடு அசைந்ததை டாக்டர் பார்த்தார். அய்யப்பன் திரையைப் பார்த்தார். பச்சைத் திருகின் முனையையும், அதற்குக் கீழே ஓடுகிற கோட்டையும் வெகுநேரம் பார்த்தார். அன்று அம்சவள்ளி தனக்காகப் பேசியதும், தான் ‘ஆமாம்மா’ என்றதும் நினைவுக்கு வந்தன.

“ஒன்னும் கடிக்கலம்மா,” என்றார். “பெருசே போடுங்க.”

அந்த வாரத்திலேயே போட்டார்கள். உதட்டில் லேசாக மரப்பு தங்கிவிட்டது; உணர்ச்சி முழுவதுமாகத் திரும்பி வரச் சில வாரங்களாயின. அந்த வாரங்களில் அவர் யார் எதிரிலும் சாப்பிடவில்லை. திருகு பிடித்துக்கொண்டது, பல்லும் வந்தது. அடுத்த அறுவடைக்கு மலையேறியபோது, போன தடவை கடித்தது நினைவிருக்கிறதா என்று குஞ்சம்மாளே கேட்டார். அம்சவள்ளி முன்னால்தான் கேட்டார், அன்று அவரும் கூட வந்திருந்தார். கணக்குப் போட்டுப் பார்த்த அம்சவள்ளி, இறங்கும் வழியெல்லாம் ஏன் அந்த டாக்டரிடம் சொல்லவில்லை என்று கேட்டுக்கொண்டே வந்தார். திட்டினார், கெஞ்சினார், கடைசியில் அழுதார். அய்யப்பன் பஸ் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.