நவமணியின் கால் இருக்கும் இடம்

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து வெளுத்துப்போன பூத்துண்டு ஒன்றை எடுத்து இருக்கையின்மேல் விரிக்கிறார் நவமணி. உட்கார்ந்து, பஞ்சாபி உடையின் கால்சட்டையை முழங்கால்வரை ஏற்றிவிட்டு, இரண்டு கால்களையும் நாற்காலியின் கீழேயுள்ள பள்ளங்களுக்குள் இறக்குகிறார். பொத்தானை அமுக்கியதும் உள்ளிருக்கும் உருளைகள் கெண்டைக்காலைக் கவ்விப் பிசையத் தொடங்குகின்றன. கண்கள் தாமாக மூடிக்கொள்கின்றன. வாய் இலேசாகத் திறக்கிறது. ஈப்போவில் ஒரு பேரங்காடியின் முதல் மாடியில், மின்படிக்கு எதிரே, ஞாயிறு காலைக் கூட்டம் நடந்துபோகும் வழியில் இது நடக்கிறது. யாரும் தம்மைப் பார்ப்பதில்லை என்பது நவமணியின் நம்பிக்கை. கண்ணை மூடியிருப்பவருக்கு வேறெப்படித் தெரியும்?

கடை அவருடையதல்ல. நாற்காலியும் அவருடையதல்ல, வாங்க வருபவர்கள் உட்கார்ந்து பார்ப்பதற்காகப் போட்டு வைத்திருக்கும் மாதிரி. யாராவது கேட்டால், "சும்மா உட்காருறேன்னு நினைக்காதீங்க லா. என் காலு இங்கதான் இருக்கு. பார்த்துட்டுப் போக வாரேன்" என்பார்.

ஓசியில் எதையும் தொடாதவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பசாரில் காய்க்காரர் கொசுறாகப் போடும் கறிவேப்பிலையை எடுத்துத் திருப்பி வைப்பார். கோயில் அன்னதானத்தில் சாப்பிட்டால், நாலு பாத்திரமாவது கழுவிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார். இதே பேரங்காடியில் தட்டில் வைத்து நீட்டும் பிஸ்கட் துண்டைக்கூட, "வாங்கப் போறதில்ல, அப்புறம் எதுக்குத் திங்கணும்?" என்று மறுத்துவிட்டு நேரே மாடிக்கு வந்து, விலை உயர்ந்த நாற்காலி ஒன்றில் காலை நீட்டிவிடுவார்.

ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில், கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு ஓட்டை பார்க்கும் வேலை. காற்றடித்ததும் ரப்பர் கை ஐந்து விரலையும் விரித்துக்கொண்டு எழுந்து நிற்கும். ஓட்டை இல்லையென்றால் அடுத்த கை. நாள் முழுக்கக் கைகளையே பார்ப்பவருக்கு வலிப்பதென்னவோ கால். பத்து காஜா பக்கத்துத் தோட்டத்தில் அவருடைய அம்மா மரத்துக்கு மரம் நடந்து பால் எடுத்தவர். மகள் அதே ரப்பரை நின்ற இடத்திலேயே நின்று ஊதிப் பார்க்கிறார். "அவங்களுக்கு முட்டி வலி, எனக்குக் கெண்டை வலி. ஒரு சாண் முன்னேற்றம்," என்பார்.

இதற்காகத்தான் போன ஆண்டு, புந்தோங் வீட்டில் சோபாவை வெளியேற்றிவிட்டு மசாஜ் நாற்காலி ஒன்றைக் குடியேற்றினார். வாசற்கதவைக் கழற்றித்தான் அதை உள்ளே கொண்டுவர முடிந்தது. முதுகு, கழுத்து, இடுப்பு என்று எல்லாவற்றுக்கும் அதில் வசதி உண்டு. நவமணி வாங்கியது காலை மட்டும். மற்றவை கூட வந்தவை.

கணவர் பத்துமலை பள்ளிக்கூடக் காவலாளி. பண்பானவர். ஒரு நாள் நாற்காலியின் திரையில் நீளமாக ஏதோ வந்து, கீழே 'ஒப்புக்கொள்கிறேன்' என்று மலாயில் ஒரு பொத்தான் தோன்றியது. அமுக்கினார். "மரியாதையா கேட்டுச்சு. மாட்டேன்னு எப்படிச் சொல்றது?" என்பது இன்றுவரை அவர் தரப்பு. நாற்காலி வைஃபை வழியாக எதையோ இறக்கிக்கொண்டு, அணைந்து, மறுபடி விழித்தபோது காலை மறந்திருந்தது. கெண்டைக்கால் பிடிப்பு இனிமேல் மாதச் சந்தா கட்டும் தங்க உறுப்பினர்களுக்கு மட்டும் என்று திரை அறிவித்தது. கூடவே வாழ்த்தும் தெரிவித்தது.

நவமணி நிறுவனத்தை அழைத்தார். மறுமுனையில் பேசிய தமிழ்ப்பெண், எதுவும் அகற்றப்படவில்லை, உருளைகள் நாற்காலிக்குள்ளேயே பத்திரமாக இருக்கின்றன என்று உறுதி கூறினார்.

"இருக்கு, ஆனா வேலை செய்யாது. எங்க வீட்டுக்காரரோட தம்பி மாதிரி," என்றார் நவமணி.

ஓராண்டுக்கு இலவச உறுப்பினர் சலுகை தருவதாக நிறுவனம் இறங்கி வந்தது. இவர் இறங்கவில்லை. "என் காலை எனக்கே பெர்ச்சுமாவா, ஓசியா குடுக்குறாங்களாம். வருசம் முடிஞ்சதும் வந்து வாங்கிட்டுப் போவாங்களாம்." பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போய் மனுக் கொடுத்தார். முகப்பில் இருந்த அதிகாரி என்ன பறிபோனது என்று கேட்க, இவர் "கால்" என்று சொல்ல, அவர் பாதி எழுந்து மேசைக்கு மேலாக எட்டிப் பார்த்தாராம். விசாரணை அடுத்த மாதம்.

இதற்கிடையில்தான் பேரங்காடியில் அதே மாடல் நாற்காலியைக் கண்டுபிடித்தார். அந்த இடத்துக்கு வைஃபை எட்டாததால், அது எதையும் இறக்கிக்கொள்ளாமல் பிறந்த புத்தியோடு இருந்தது. தாம் வாங்கிய நாற்காலி ஈப்போவில் மிச்சமிருக்கும் ஒரே இடம் அதுதான் என்று நவமணி முடிவுகட்டினார்.

கடையைப் பார்த்துக்கொள்பவர் ஷான். தைப்பிங்கில் வளர்ந்த, கழுத்துப்பட்டியை எந்நேரமும் தளர்த்தாத இளைஞர். முதலில் நவமணியைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். பிறகு ஏனோ, ஞாயிறுதோறும் அந்த இருக்கையைத் தாமே துடைத்து வைக்க ஆரம்பித்தார். தம் கோரிக்கையின் நியாயம் பையனுக்கு உறைத்துவிட்டது என்று நவமணி எடுத்துக்கொண்டார்.

கடந்த ஞாயிறு ஷான் கையில் தொலைபேசியோடு வந்து நின்றார்.

"ஆண்டி, கொஞ்சம் எழுந்திருங்க. எல்லாக் கடை நாற்காலிக்கும் அப்டேட் போடணும்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. என் போன்லேர்ந்து கனெக்ட் பண்ணிடுவேன். ரெண்டு நிமிஷம்தான்."

"வீட்லயும் ரெண்டு நிமிஷத்துலதான் லா போச்சு."

ஆள் உட்கார்ந்திருக்கும்போது அப்டேட் ஏறாது. யாருடைய இடுப்பும் நசுங்கிவிடக் கூடாதென்று நிறுவனமே செய்திருக்கும் பாதுகாப்பு அது. ஷான் இதை வாய்தவறிச் சொல்லிவிட்டார். நவமணி இருக்கையில் இன்னும் ஆழமாகப் புதைந்துகொண்டு கணவரை அழைத்தார். "சோறு வாங்கிட்டு வாங்க. இன்னிக்கு நேரமாகும்."

பத்துமலை பொட்டலத்தோடு வந்தார். கழிப்பறைக்குப் போகவேண்டி வந்தபோது அவரை உட்காரவைத்துவிட்டு, "யாரு என்ன கேட்டாலும் ஒத்துக்காதீங்க" என்றார் நவமணி.

"மணி எத்தனைன்னு கேட்டா?"

"அதைக் கேட்டாலும்தான்."

திரும்பி வந்தபோது நாற்காலி அப்படியே இருந்தது. பத்துமலை மட்டும் எதிரே இருக்கும் உடற்பயிற்சிக் கூடத்தில் உறுப்பினராகியிருந்தார்.

மதியத்துக்குமேல் ஒரு தம்பதி வந்தார்கள். பத்து காஜாவில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர்கள். அந்தம்மாள் அடுப்படியில் நின்று நின்று காலை மாற்றி மாற்றி ஊன்றும் பழக்கத்தைப் பேரங்காடிக்கும் கொண்டுவந்திருந்தார். நவமணியைச் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கணவரைத் தொட்டார்.

"இதாங்க. அக்கா மூஞ்சியப் பாருங்க, சாமியப் பார்த்த மாதிரி இருக்கு."

நவமணி கண்ணைத் திறந்தார். "வாங்காதம்மா. வீட்டுக்குப் போனதும் காலு போயிரும்."

"அக்கா தமாசு பண்றாங்க."

"தமாசு இல்ல லா, நான் சொல்றது..." அந்த நேரம் பார்த்து உருளைகள் வலிக்கும் நரம்பைச் சரியாகப் பிடித்தன. சொல்ல வந்தது "ஆ" என்று முடிந்தது. அந்தம்மாள் கைப்பையைத் திறந்தார்.

ஷான் நவமணியின் காதருகே குனிந்தார். குரலில் உண்மையான நன்றி இருந்தது.

"ஆண்டி, அப்டேட்ட விடுங்க. மேலிடத்துக்கு ஏதாச்சும் சொல்லிக்கிறேன். நீங்க வர ஆரம்பிச்சப்புறம்தான் இந்த மாடல் ஓடுது. எப்பவும் போல வாங்க. வந்து கண்ண மூடிக்கிட்டு உட்காருங்க, அது போதும்."

நவமணி அந்தம்மாளின் கால்களைப் பார்த்தார். "இவங்க வாங்கிட்டுப் போறதுல காலு வேலை செய்யுமா?"

"முதல் நாள் ஆன் பண்ணும்போதே அப்டேட் ஆயிடும் ஆண்டி."

இத்தனை வாரமும் ஓசியில் உட்காரவில்லை என்று தாம் வாதாடியது முற்றிலும் சரி என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் கூலி கொடுத்திருக்கிறார். தம் முகத்தால்.

உடனே எழுந்துவிடவில்லை. அந்தச் சுற்று முடியும்வரை இருந்தார். உருளைகள் நின்றதும் கால்களை வெளியே எடுத்து, கால்சட்டையை இறக்கிவிட்டு, கைப்பிடியை ஊன்றி எழுந்தார்.

"போடு தம்பி."

"என்ன ஆண்டி?"

"அப்டேட்."

"பரவால்ல ஆண்டி. அடுத்த வாரம் பார்த்துக்கலாம்." ஷான் தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். காலையிலிருந்து அவரை எழுப்பப் பார்த்தவர், இப்போது தோளைப் பிடித்து உட்காரவைக்காத குறை.

"மேலிடம் சொல்லிருச்சுல்ல? நான் எழுந்திரிச்சிட்டேன். போடு."

"அவ கேக்குறால்ல, ஒத்துக்கப்பா," என்றார் பத்துமலை.

"என்ன அப்டேட்டு?" என்று கேட்டபடி சாப்பாட்டுக் கடைக்காரர் நெருங்கி வந்தார். அதை விளக்குவதைவிடப் போட்டுவிடுவது சுலபம் என்று ஷானுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தொலைபேசியை எடுத்துத் தடவினார். நாற்காலி அணைந்தது, முனகிக்கொண்டு விழித்தது, திரையில் தங்க நிறத்தில் வாழ்த்துச் சொன்னது.

நவமணி அந்தம்மாளை முழங்கையைப் பிடித்து அழைத்துவந்து இருக்கையில் அமர்த்தினார். தரையில் மண்டியிட்டு, வீங்கியிருந்த அந்தக் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பள்ளங்களுக்குள் வைத்தார். பிறகு பொத்தானை அமுக்கிவிட்டு, நிமிர்ந்து அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.